மயிலாவின் இருமல்

ஜனவரி 19

இந்த டைரி மாட்டுத் தீவனக் கம்பெனிக்காரன் ஓசியில் கொடுத்தது. அட்டையில் ஒரு ஜெர்சிப் பசு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. இதில் தினமும் எழுத வேண்டும் என்பது நவமணியின் உத்தரவு. பக்கத்து மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், ஏ.ஆர்.டி. மையத்தில் அவள் ஆலோசகர். முப்பது வயதுதான் இருக்கும். பேச்சு மட்டும் தாசில்தார் பேச்சு.

"மாத்திரை போட்ட நேரம், எடை, ஒடம்புல என்ன மாத்தம் தெரியுதோ அது. மறைக்காம எழுதுங்கண்ணா" என்றாள்.

எழுதுகிறேன். பெயர் சென்னியப்பன். வயது நாற்பத்தொன்பது. தொழில் மாட்டுத் தரகு. நோய் எச்.ஐ.வி. இந்த வரியை எழுதியதும் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலும் இந்த ஏ.ஆர்.டி. மாத்திரை இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அங்கே போனால் நான் வீடு திரும்புவதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விடும். அதனால் இரண்டு பஸ் மாறிப் போகிறேன். ரத்தத்தில் சி.டி.4 என்று ஒன்றை எண்ணுகிறார்கள். நல்ல உடம்பில் ஐந்நூறுக்கு மேல் இருக்குமாம். எனக்கு நூற்றுப் பன்னிரண்டு. பத்தாவதில் நான் வாங்கிய கணக்கு மார்க்கைவிட இது அதிகம் என்று நவமணியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

என் பெண்டாட்டி மயிலாவிடம் சுகர் என்று சொல்லியிருக்கிறேன். உடனே என் டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டாள். "நீங்க மட்டும் என்னத்துக்கு வெறுந்தண்ணி குடிக்கோணும்" என்று அவளும் நிறுத்திக்கொண்டாள். பொய் சொன்னதற்குக் கைமேல் தண்டனை, தினம் இரண்டு வேளை.

ஜனவரி 20

மாத்திரை காலை எட்டு மணி. வயிறு கடமுடா. எடை ஐம்பத்து நாலு.

ஜனவரி 24

எப்படி வந்தது என்று நவமணி கேட்டாள். சலூன் கத்தியாகத்தான் இருக்கும் என்றேன்.

"கத்தியால வந்திருந்தா இந்த ஜில்லாவுல பாதி மீசை இங்கதான் வரிசையில நிக்கும். வெளியூருச் சந்தைக்கெல்லாம் போவீங்கல்லண்ணா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங் அம்மிணி."

அதெல்லாம் ஒன்றுமில்லை. அதாவது, அதிகமில்லை.

பிறகு ஒரு படத்தைக் காட்டி விளக்கினாள். உடம்புக்குள் எந்த நோய் வந்தாலும் விரட்ட வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உத்தரவு போடும் மேஸ்திரிதான் சி.டி.4. இந்தக் கிருமி மற்றவை மாதிரி மேஸ்திரியைக் கண்டு ஓடாது. நேரே அவனுக்குள்ளேயே புகுந்து, அங்கேயே குட்டி போட்டு, அவனைத் தீர்த்துக்கட்டிவிட்டு, குட்டிகளோடு அடுத்த மேஸ்திரியைத் தேடிப் போகும்.

"அப்பறம் காவலுக்கு ஆரு?" என்றேன்.

"ஆரும் இல்ல. அதுதான் நோவு" என்றாள்.

முதலில் ஒரு காய்ச்சல் வருமாம், வந்த வழியே போய்விடுமாம். அப்புறம் எட்டு வருஷம், பத்து வருஷம் ஒரு சத்தமும் இருக்காது. ஆள் பொங்கல் காளை மாதிரி திரிவான். உள்ளே எண்ணிக்கை மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். இறங்க இறங்க ஒவ்வொன்றாக வரும்: அக்கி, வாயில் வெள்ளைப் படலம், நிற்காத வயிற்றுப்போக்கு, இளைப்பு. இருநூறுக்குக் கீழே போனால் தெருவில் போகிற நோயெல்லாம் உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்காரும். முதல் ஆளாக டி.பி. வரும்.

பஸ்ஸில் வரும்போது விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கர்நாடகச் சந்தை ஒன்றில் பத்து நாள் தங்கிவிட்டு வந்ததும் ஒரு காய்ச்சல். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இடுப்பில் அக்கி. போன வருஷம் நாக்கு முழுக்க வெள்ளை. அதற்கப்புறம் பதினேழு கிலோ காணாமல் போனது. ஊரில் உள்ள மாட்டுக்கெல்லாம் வாயைப் பிளந்து பல் பார்த்துச் சம்பாதிக்கிறவன், என் நாக்கைக் கண்ணாடியில் பார்க்கவில்லை.

பிப்ரவரி 8

சந்தை. "என்ன சென்னியப்பா, உன்னையே ஆராச்சும் வெலைக்குக் கேட்டா அடிமாட்டுக்குத்தான் போவே போலிருக்குதே" என்று ஒருவன் சொன்னான். சுகர் என்றேன். உடனே நாலு பேர் நாலு கஷாயம் சொன்னார்கள். சுகர் எவ்வளவு மரியாதையான நோய் என்று இன்றுதான் தெரிந்தது.

பிப்ரவரி 16

"அக்காவ எப்பக் கூட்டிட்டு வர்றீங்க? ஒரு சொட்டு ரத்தம், அரை மணி நேரம். இருந்தா மாத்திரை ஆரம்பிச்சுடலாம், இல்லாட்டி நிம்மதியா இருக்கலாம்" என்றாள் நவமணி.

மகள் வாசுகிக்கு வைகாசியில் கல்யாணம் வைத்திருக்கிறோம். இப்போது போய் இதைச் சொன்னால் மயிலா என்னைக் கொன்றுவிட்டுக் கல்யாணத்தையும் நிறுத்திவிடுவாள். கல்யாணம் முடியட்டும் என்றேன். நவமணி என் மருந்து அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டாள். தலைகீழாகப் படிக்க முடியவில்லை.

மார்ச் 12

இன்று நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மாத்திரை டப்பா நடந்தால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் போடும். அதனால் லேபிளைக் கிழித்துவிட்டு, மாத்திரைகளைக் கட்டுத்தறியில் மாட்டு மருந்து வைக்கும் தகர டப்பாவில் கொட்டி வைத்திருந்தேன். அங்கே நான்தான் கைவைப்பேன் என்று நினைப்பு. காலையில் போய்ப் பார்த்தால் எட்டு மாத்திரை குறைகிறது.

"நேத்துப் பொழுதோட எருமை தீனி எடுக்கலீங். டப்பாவுல பூச்சி மாத்திரை இருந்துச்சு. எட்டை எடுத்து வாழப்பழத்துல வெச்சுக் குடுத்துட்டேன்" என்றாள் மயிலா.

  மாட்டு டாக்டரைக் கூப்பிட்டால் என்ன மாத்திரை என்று கேட்பார். நாள் முழுக்க எருமைக்கு எதிரில் முக்காலி போட்டு உட்கார்ந்து அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சாயங்காலம் இரண்டு கூடை சோளத்தட்டு தின்றுவிட்டு, எப்போதும்போல் என் மேலேயே கோமியம் தெளித்தது. இந்த ஜில்லாவில் எச்.ஐ.வி.க்கு மருந்து சாப்பிட்ட ஒரே எருமை என்னிடம்தான் இருக்கிறது. பெருமையை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

மார்ச் 13

மாத்திரை எப்படிக் குறைந்தது என்று நவமணி கேட்டாள். சொன்னேன். முதல்முறையாகச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த அக்கா இன்னும் எதெதுக்கெல்லாம் தானா வைத்தியம் பாக்கோணும்ணா?" என்றாள். கல்யாணம் முடியட்டும் என்றேன்.

ஏப்ரல் 3

மாத்திரை எட்டு மணி. எடை ஐம்பத்தொன்பது. எனக்கு நன்றாகப் பசிக்கிறது. மயிலாவுக்குக் காரம் ஆகவில்லையாம், தயிர்ச் சோறாகவே சாப்பிடுகிறாள். நாக்கெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. சூட்டுக்கு இப்படித்தான் ஆகும். இளநீர் வாங்கிப் போட்டேன்.

மே 2

எடை அறுபத்து மூன்று. சட்டைப் பொத்தான் இழுக்கிறது. மயிலாவின் ஜாக்கெட்டெல்லாம் தொளதொள. கல்யாணத்துக்கு எடுத்த புது ஜாக்கெட்டையே இரண்டாவது தடவை பிடித்துத் தைக்கக் கொடுத்தாள். கல்யாண வீட்டில் அலைச்சல் இருக்கத்தானே செய்யும்.

ஜூன் 9

வாசுகி கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருப்பூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போட்டோக்காரன் படத்தைக் காட்டினான். நான் மினுமினுவென்று இருக்கிறேன். மயிலா என் அக்கா மாதிரி நிற்கிறாள். ஓமப் புகை ஒத்துக்கொள்ளாமல் தாலி கட்டும் நேரத்தில் இருமிக்கொண்டே இருந்தாள். நாதஸ்வரக்காரர்கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 30

ஓமப் புகை அடங்கி மூன்று வாரமாகிறது. இருமல் அடங்கவில்லை. நீ மிளகாய் வறுப்பதால்தான் இருமல் என்று சத்தம் போட்டேன். அவள் மிளகாய் வறுத்து இரண்டு மாசம் ஆகிறது.

ஜூலை 10

ஆறு மாதச் சோதனை முடிவு. ரத்தத்தில் கிருமியைத் தேடினால் கிடைக்கவில்லையாம். ஒழிந்துவிட்டதா என்றேன். ஒழியவில்லை, ஒளிந்திருக்கிறது, மாத்திரையை விட்டால் திரும்பி வரும் என்றாள் நவமணி. சி.டி.4 இருநூற்று நாற்பத்தாறு.

வெளியே பெஞ்சில் ஒரு ஆள் தினத்தாளை விரித்து முகத்தை மறைத்திருந்தார். நானும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் கழித்து அவர் தும்மினார். அந்தத் தும்மல் எனக்குத் தெரியும். சந்தையில் முப்பது வருஷமாகக் கேட்கிறேன். எருமை வியாபாரி ஜமால் பாய்.

"நீயுமா சென்னி" என்றார். "நீங்களுமா பாய்" என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பைத்தியக்காரர்கள் மாதிரி சிரித்தோம்.

சந்தையில் நாங்கள் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவோம். ஜமால் பாய் துண்டைப் போட்டார். உள்ளே அவர் விரல் நானூற்றுப் பத்து என்றது. நான் இருநூற்று நாற்பத்தாறு சொன்னேன். பரவாயில்லை என்று ஒரு அமுக்கு அமுக்கினார். அப்புறம் என் மணிக்கட்டை இரண்டு தட்டுத் தட்டினார். ஜோடி மாட்டில் இன்னொன்று எவ்வளவு என்று கேட்க அப்படித் தட்டுவார். நான் கையை வெளியே எடுத்துக்கொண்டேன்.

"வீட்ல இன்னும் சொல்லலியா?" என்று வாய்விட்டே கேட்டார். "நா மூணாம் நாளே சொல்லிட்டேன். ரெண்டு மாசம் சோறு போடல. அப்பறம் போட்டா. நல்லவேளை, அவளுக்கு வரல."

"மயிலா கல்லு மாதிரி இருக்கறா பாய். அவளுக்கு ஒண்ணும் கெடையாது."

பஸ்ஸில் வரும்போது இது பொய்யோ என்று தோன்றியது. பிறகு தூங்கிவிட்டேன்.

ஜூலை 18

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்லது எதுவும் ஆரம்பிக்க மாட்டார்கள். கெட்டதையும் ஆரம்பிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3

எடை அறுபத்தெட்டு. மயிலாவுக்குச் சாயங்காலமானால் மேல் சுடுகிறது. விடிந்தால் தலையணை நனைந்திருக்கிறது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். நானே போய் வாங்கினேன். இதையும் எழுதத்தான் வேண்டும், நான் ஒன்றும் செய்யாமல் இல்லை.

ஆகஸ்ட் 8

இன்று சந்தை. நான் போகவில்லை.

மயிலாவுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி. கொப்புளம் கொப்புளமாக நெருப்பு மாதிரி எரிகிறது என்று அழுதாள். அக்கி எழுத, பானை செய்யும் ராக்கியண்ணனைக் காலையிலேயே கூட்டி வந்தேன். எங்கள் பக்கம் அக்கி வந்தால் அவர்தான் காவியைக் குழைத்து, கொப்புளத்தின் மேல் படம் மாதிரி எழுதிவிட்டுப் போவார். மூன்று நாள் எழுதினால் இறங்கிவிடும் என்பார்கள்.

அவர் கோழி இறகால் எழுதிக்கொண்டே, "போன தடவ உங்களுக்கு எழுதுனது இதே எடந்தானுங்? ஒரே ஊட்ல புருசனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒரே எடத்துல நா எழுதுனதில்லீங்" என்றார்.

நான் சேலைத் தலைப்பை விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் போகிற மாட்டின் விலா எலும்பை எண்ணி, எத்தனை நாளாகத் தீனி இல்லை என்று சொல்கிறவன் நான். மயிலாவுக்கு எண்ண வேண்டியதே இல்லை. அத்தனையும் தெரிந்தது. தோலுக்கு மேலே காவி, தோலுக்குக் கீழே எலும்பு. நடுவில் ஒன்றுமில்லை.

எனக்கு இன்றைக்குத்தான் புரிந்தது என்று எழுத வந்தேன். அது பொய். பிப்ரவரியில் நவமணி கேட்டபோதே, மயிலாவுக்கும் இருக்கும் என்று தெரியும். சலூன் கத்தியும் கிடையாது. கர்நாடகச் சந்தையில் பத்து நாள், அதற்கு முன்னால் வேறு சந்தைகள். மயிலா எந்தச் சந்தைக்கும் போனதில்லை.

ஆகஸ்ட் 9

மாத்திரை எட்டு மணி.

ஆகஸ்ட் 10

சொல்லிவிட்டேன்.

காலையில் பால் கறந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். எங்கிருந்து ஆரம்பித்தேன், எதில் முடித்தேன் என்று ஞாபகமில்லை. அவள் மடியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. நடுவில் இருமல் வந்தபோது மட்டும் நிறுத்தினாள். கடைசிச் சொட்டு வரை கறந்து, செம்பை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"போன மாசம்."

"அப்ப சுகரு?"

"அது வேற. சுகரும் இருக்குது."

பாலை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்ததும், "எந்த பஸ்ஸுக்குப் போகோணும்?" என்று கேட்டாள். திங்கள்கிழமை காலை பஸ் என்றேன். நான் ஒரு நாய். அந்த நேரத்திலும் ஒரு மாசம் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வந்தது.

ஆகஸ்ட் 12

மயிலாவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. சளியில் டி.பி. இருக்கிறது. சி.டி.4 முப்பத்தெட்டு. ஜனவரியில் என் எண்ணைச் சொல்லி நான் தமாஷ் செய்தேன். இந்த எண்ணைக் கேட்டதும் நவமணியின் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 13

டாக்டர் சின்னப் பெண். வேகமாகக் கேட்கிறார், வேகமாக எழுதுகிறார்.

"இருமல் எப்ப ஆரம்பிச்சது? வாயில புண்ணு எப்போ? எடை எப்பலேருந்து குறையுது? தேதி சரியாத் தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும்."

மயிலா யோசித்தாள். "ஞாபகமில்லீங். கல்யாண வேலையில எதையும் கண்டுக்கலீங்" என்றாள்.

"அண்ணன் டைரி எழுதறாரு டாக்டர். இவங்களப் பத்தி ஏதாச்சும் இருக்குதான்னு பாக்கச் சொல்லலாம்" என்றாள் நவமணி. உதவி செய்கிறோம் என்று நினைத்துத்தான் அவள் சொன்னாள்.

டைரி பையில்தான் இருந்தது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மயிலா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எடுத்து வாசித்தேன்.

ஏப்ரல் மூன்று, நாக்கெல்லாம் வெள்ளை. டாக்டர் எழுதிக்கொண்டார். மே இரண்டு, ஜாக்கெட் தொளதொள. ஜூன் ஒன்பது, தாலி கட்டும்போது இருமல். ஜூன் முப்பது, இருமல் மூன்று வாரம். ஆகஸ்ட் மூன்று, சாயங்காலக் காய்ச்சல், தலையணை நனைகிறது. என் பங்குக்கு எழுதியிருந்த இளநீரையும் மிளகாயையும் விட்டுவிட்டு வாசித்தேன். வாசிக்க வாசிக்க என் குரல் எனக்கே கேட்கவில்லை. டாக்டர் இரண்டு தடவை "சத்தமா" என்றார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. இவ்ளோ துல்லியமா யாரும் சொல்ல மாட்டாங்க" என்று பாராட்டிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மயிலா கையை நீட்டினாள். டைரியைக் கொடுத்தேன். ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி முதல் பக்கத்தை வாசித்தாள். வெகு நேரம் ஆனது. நான் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஜனவரி" என்றாள்.

"ஆமா."

"என்ற நாக்கு, என்ற இருமலு, என்ற ஜாக்கெட்டு, ஒண்ணு விடாம எல்லாத்தையும் பாத்துக்கிட்டேதான் இருந்திருக்கறீங்க."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. டைரியை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, போர்வையை இழுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 19

பேசவில்லை. இருமல் கொஞ்சம் பரவாயில்லை. எடை முப்பத்தாறு. நான் கொண்டுபோன சோற்றைத் தொடவில்லை, ஆஸ்பத்திரிச் சோறு சாப்பிட்டாள். இனிமேல் இதில் அவள் எடையைத்தான் எழுதப்போகிறேன். என் எடையை எழுதினால் யாருக்கு என்ன லாபம்.

ஆகஸ்ட் 22

வாசுகி திருப்பூரிலிருந்து வந்தாள். டி.பி. என்று மட்டும் மயிலாவே சொல்லியிருக்கிறாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டதை நினைத்து வெளியே போய்ப் பைப்படியில் முகம் கழுவிக்கொண்டேன். ஜமால் பாய் ஆரஞ்சு வாங்கி வந்தார். மயிலா அவரோடு கால் மணி நேரம் பேசினாள்.

ஆகஸ்ட் 28

டி.பி. மருந்து ஆரம்பித்துப் பதினைந்து நாள் ஆகிவிட்டது. இன்றிலிருந்து எச்.ஐ.வி. மாத்திரையும் கொடுக்கலாம் என்றார் டாக்டர். முப்பத்தெட்டு ஏறுமா என்று கேட்டேன். ஏற வாய்ப்பு இருக்கிறது, ஆனால் ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறார், அடுத்த மூன்று மாசம் கவனம் என்றார்.

புது நர்ஸ் ஒரு தாளோடு வந்தார். கூட இருந்து மாத்திரை கொடுக்கிறவர் பெயர் வேண்டுமாம். என் பெயரை எழுதிக்கொண்டு மயிலாவிடம், "இவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"மாட்டுத் தரகருங்" என்றாள் மயிலா. பதினைந்து நாளில் என்னைப் பற்றி அவள் பேசிய முதல் வார்த்தை.

நர்ஸ் தமாஷ் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, கணவர் என்று எழுதினார். மயிலா சிரிக்கவில்லை. நான் கையெழுத்துப் போட்டேன்.

மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு நர்ஸ் நின்றார். எட்டு மணி. தம்ளரில் தண்ணீர் ஊற்றி, கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மயிலா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிடலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டினாள். வைத்தேன். விழுங்கினாள்.